பாதியில் நின்ற செந்தூல் பாட்டு: நான்கு டிராக் கேசட்டிலிருந்து முழுப் பாடல் வரை

கோலாலம்பூர் செந்தூலில், ரயில்வே பணிமனைத் தொழிலாளர்களின் பிள்ளைகள் நால்வர் எண்பதுகளில் ஒரு ராக் குழு நடத்தினார்கள். 1988இல் அவர்கள் ஒலிப்பதிவு செய்யத் தொடங்கிப் பாதியில் விட்ட ஒரு தமிழ்ப் பாடலை, இருக்கும் மூவரின் சம்மதத்தோடும் மறைந்த பாடகரின் குடும்பத்தார் எழுதிக் கொடுத்த அனுமதியோடும் இப்போது முடித்திருக்கிறோம். ஒலிநாடா, இயந்திரம், சுருதி, கலவை என்று எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டவன் என்ற முறையில் செய்முறையை இங்கே எழுதி வைக்கிறேன். மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் இப்படிப்பட்ட கேசட்டுகள் இன்னும் அலமாரிகளில் கிடக்கின்றன. அவற்றை எடுக்கப் போகிறவர்களுக்கு இது பயன்பட வேண்டும்.

முடிவடையாத பாடலை முடிப்பதென்றால் புதிதாக வாசித்துச் சேர்ப்பதுதான் பெரிய வேலை என்று தோன்றும். என் அனுபவத்தில் அது சிறிய பங்குதான். குழு அன்றே தீர்மானித்துவிட்டவை எவை, தீர்மானிக்காமல் விட்டவை எவை என்று ஒலிநாடாவிலிருந்தே பிரித்தறிவதில்தான் முக்கால்வாசி உழைப்பும் போனது. அந்தப் பிரிவினை தெளிவாகாத வரையில் ஒரு நரம்பைக்கூடப் புதிதாக மீட்டக் கூடாது என்று குழுவின் கிட்டார் அண்ணனிடம் தொடக்கத்திலேயே கேட்டுக்கொண்டேன், அவரும் ஒப்புக்கொண்டார்.

கேசட் ஒரு மைலோ டின்னுக்குள், மற்றப் பல கேசட்டுகளோடு கிடந்தது. அறுபது நிமிடக் குரோம் வகை. உறையின் மேல் மார்க்கர் பேனாவால் "4 டிராக், பாட்டு 7, முடியல" என்று எழுதியிருந்தது. நம் ஊர்க் காற்றின் ஈரம் ஒலிநாடாவுக்குப் பெரிய பகை. கண்ணாடிச் சாளரத்தின் வழியே பார்த்தபோது நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்ததும், நாடாவை ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் கம்பளித் திண்டு கழன்று உள்ளே உருண்டுகொண்டிருந்ததும் தெரிந்தன. இந்த நிலையில் இருக்கும் கேசட்டை ஓட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். திண்டு இல்லாவிட்டால் உயர் ஒலிகள் மங்கிப்போகும். பூஞ்சைத் தூள் கேசட்டை ஓட்டும் டெக்குக்குள் போனால் அடுத்து ஓட்டும் ஒவ்வொரு கேசட்டுக்கும் அது பரவும்.

கேமரா வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் உலர் பெட்டியில் ஈரப்பதத்தை 40 சதவீதத்தில் நிறுத்திக் கேசட்டை வைத்தேன். ஈரம் குறைந்ததும் பூஞ்சையின் வளர்ச்சி நின்று, அது பிசுக்கற்ற தூளாகிவிடுகிறது. அதன் பிறகு முகக்கவசம் அணிந்துகொண்டு, ஒட்டு வைத்து மூடிய பழைய கூட்டைப் பிளேடால் பிளந்து, சுருள்களைத் திருகு வைத்த புதிய கூட்டுக்கு மாற்றினேன். நூல் பிரியாத மெல்லிய துணியின் மேல் நாடா உரசிப் போகும்படி கையாலேயே மெதுவாகச் சுற்றி, இரு விளிம்புகளையும் உலர்வாகத் துடைத்தேன். ஹெட்டுகளுக்குத்தான் ஐசோபுரொபைல் ஆல்கஹால். நாடாவில் எந்தத் திரவமும் படவில்லை.

இனி இயந்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் இந்த இடத்தில்தான் கைவிட்டுவிடுகிறார்கள். டிராக் என்பது நாடாவில் தனியே ஒலி பதியும் ஒரு தடம். சாதாரண ஸ்டீரியோ கேசட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு டிராக், திருப்பிப் போட்டால் மறுபக்கத்துக்கு இரண்டு. நான்கு டிராக் கருவியோ அந்த நான்கையும் ஒரே திசையில் பயன்படுத்திக்கொள்கிறது. இவர்கள் வைத்திருந்த தாஸ்காம் 244 போன்ற கருவிகள் அதோடு நிற்காமல் நாடாவை இரட்டை வேகத்தில், அதாவது நொடிக்குச் சுமார் 9.5 சென்டிமீட்டர் வீதம் ஓட்டின. ஆகவே அறுபது நிமிடக் கேசட்டில் பதினைந்து நிமிடம்தான் கிடைக்கும். அந்தக் கருவியைக் குழு கலைந்தபோதே விற்றுவிட்டார்கள்.

கருவி கிடைக்கும் வரை காத்திராமல், முதலில் நல்ல சாதாரண டெக் ஒன்றில் ஒரு பாதுகாப்புப் பிரதி எடுத்தேன். இதை எல்லோரும் செய்யலாம். ஒரு பக்கத்தை ஓட்டினால் முதல் இரண்டு டிராக்குகள் பாதி வேகத்தில், ஓர் ஸ்தாயி கீழே கேட்கும். திருப்பிப் போட்டால் மற்ற இரண்டும் பாதி வேகத்தில் பின்னோக்கிக் கேட்கும். கணினியில் அவற்றைத் தலைகீழாக்கி, எல்லாவற்றையும் இரட்டை வேகத்துக்கு உயர்த்தி, டிரம்மின் தொடக்க எண்ணிக்கையைக் கொண்டு ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். இரண்டு முறை தனித்தனியாக ஓட்டியதால் வேகம் சற்று முன்பின்னாக இருக்கும். சில நொடிகளுக்கு ஒருமுறை வெட்டி நேர்செய்தால்தான் நான்கும் கூடவே வரும்.

பாடல் எப்படிப்பட்டது என்று அறிய அந்தப் பிரதி போதும், வெளியிடப் போதாது. பேஸ் கிட்டாரின் திறந்த தடித்த நரம்பு 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. பாதி வேகத்தில் அது 20 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுவதால் சாதாரண டெக்கின் ஹெட்டும் சுற்றும் அதை ஏறக்குறைய விழுங்கிவிடுகின்றன. போதாக்குறைக்கு அந்தக் கருவி டிபிஎக்ஸ் என்னும் இரைச்சல் குறைப்பு முறையில் பதிவு செய்தது. அது பதிவின்போது ஒலியின் ஏற்ற இறக்கத்தைப் பாதியாகச் சுருக்கி, ஓட்டும்போது மீண்டும் இருமடங்காக விரிப்பது. டெக்கின் ஒலிப்போக்கில் 2 டெசிபெல் பிழை இருந்தால், விரித்த பின் அது 4 டெசிபெல்லாகி நிற்கும். சரியான வேகத்துக்குக் கொண்டுவந்த பிறகே விரிக்கவும் வேண்டும், இல்லையேல் அதன் வடிப்பான்கள் வேறு அலைவரிசைகளில் வேலை செய்யும்.

ஆகவே அதே வகைக் கருவியைத் தேடினோம். குழுவின் பேஸ் வாசிப்பாளர் இப்போது பினாங்கில், பட்டர்வொர்த்தில் இருக்கிறார். அங்கே ஒரு தேவாலய இசைக்குழுவை நடத்திவந்த பெரியவர் வீட்டில் ஒன்று சும்மா கிடப்பதாக அவர் சொல்லி, அவரே வாங்கியும் அனுப்பினார். உள்ளே ரப்பர் பெல்ட்டுகள் கீல் போல உருகிப் புல்லிகளில் ஒட்டியிருந்தன. ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் அவற்றைச் சுரண்டி எடுத்து, புடு ஜாலான் பாசாரில் உள்ள உதிரிபாகக் கடைகளில் அளவு பார்த்து வாங்கிய பெல்ட்டுகளைப் பூட்டினேன். நாடாவை இழுக்கும் ரப்பர் உருளை நல்லவேளையாக இறுகாமல் இருந்தது. ஹெட்டின் சாய்வை மாற்றும் அசிமத் திருகைத் தொடுவதற்கு முன், அது நின்ற நிலையைச் சிறு வண்ணப் புள்ளியால் குறித்துக்கொண்டேன். பிறகு டிரம் டிராக்கில் ஹை-ஹாட் எந்த நிலையில் மிகத் தெளிவாகச் சிலிர்க்கிறதோ அங்கே நிறுத்தினேன். நான்கு டிராக்குகளையும் ஒரே ஓட்டத்தில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் கணினிக்கு எடுத்தாயிற்று.

அதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டியிருந்தது: வேகம் சரிதானா என்று எப்படித் தெரியும்? பழுது பார்த்த மோட்டாரை நம்ப முடியாது. கிட்டாரின் சுருதியை வைத்துத் தீர்மானிக்கலாம் என்றால், அன்று எதற்குச் சுருதி சேர்த்தார்கள் என்பது தெரியாது. விடை நாடாவிலேயே இருந்தது. மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நரம்பின் அதிர்வை மின்சாரமாக்கும் கிட்டாரின் ஒற்றைச் சுருள் பிக்கப் வீட்டு மின்சாரத்தின் ரீங்காரத்தை எப்போதும் வாங்கிக்கொள்ளும். பாட்டு தொடங்குவதற்கு முன் ரிதம் கிட்டார் டிராக்கில் சில நொடி மௌனம் இருக்கிறது. அந்தத் துண்டை அலைவரிசைப் படமாக விரித்தபோது 50, 100, 150 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய கூர்முனைகள் 51.1, 102.2, 153.3 ஆகிய இடங்களில் நின்றன. கருவி 2.2 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். மூன்றாம் முனை சரியாக 150இல் வந்து நிற்கும் வரை நாடாவின் வேகத்தை மாற்றும் கருவியின் சுருதிக் குமிழைத் திருப்பினேன்.

பிறகு, வேறு நோக்கமில்லாமல், சரிபார்த்துக்கொள்வதற்காகவே பாடகரின் டிராக்கையும் அதே முறையில் பார்த்தேன். அவர் மூச்சு வாங்கும் இடைவெளிகளில் மைக் வாங்கிய ரீங்காரம் 150இல் இல்லை, 156இல் இருந்தது. மின்விநியோகத்தின் அலைவரிசை இயல்பாக 4 சதவீதம் விலகுவதில்லை. அப்படியானால் குரலைப் பதிவு செய்தபோது மட்டும் நாடா மெதுவாக ஓடியிருக்கிறது. சுருதிக் கணக்கில் 68 சென்ட், அதாவது அரைச் சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. கிட்டார் அண்ணனைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆமா தம்பி. பல்லவி மேல போறப்ப அவனுக்குப் பிசிறு தட்டுச்சு. குமிழ இறக்கி வச்சுட்டுப் பாடச் சொன்னோம். யாருக்கும் சொல்லக் கூடாதுன்னான்."

அவர் குரலை இயல்பான உயரத்துக்கு இறக்கி, பாடல் முழுவதையும் அதற்கேற்ப மாற்றிவிடலாமா என்று பேசினோம். வேண்டாம் என்பது என் கருத்து. வேகத்தை உயர்த்தியதால் குரலில் ஓர் இளமையும் மெலிவும் கூடியிருக்கின்றன. அதைக் கேட்டு, பிடித்துப்போய், அதன்மேல்தான் குழு இரண்டாம் கிட்டாரைப் பதிவு செய்திருக்கிறது. ஆகவே அது அவர்கள் தீர்மானித்துவிட்ட ஒன்று. ஆனால் பாடகரின் மனைவி, "அவரு குரல் உள்ளபடி எப்படி இருக்கும்னு கேக்கணும்" என்று விரும்பினார். குரல் டிராக்கை மட்டும் 4 சதவீதம் இறக்கி, தனிப் பிரதியாக அவருக்குக் கொடுத்தேன். இந்த வேலையில் நான் மிக நிறைவோடு செய்த பகுதி அதுதான்.

வேகம் நிலைத்த பிறகு இன்னொன்றும் தெரிந்தது. குழுவின் சுருதி இன்றைய பொதுச் சுருதியான 440 ஹெர்ட்ஸுக்குச் சேரவில்லை. 435 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. கோயில் பஜனைக்கு வைத்திருந்த பழைய ஆர்மோனியத்துக்குச் சேர்த்துக்கொள்வார்களாம். புதிதாக வாசிப்பவர்கள் அந்த 435க்கே நரம்புகளை இறக்கிக்கொண்டார்கள்.

இப்போது பாடலுக்கு வருகிறேன். "தண்டவாளம் உறங்கவில்லை, நானும் உறங்கவில்லை" என்று பல்லவி தொடங்குகிறது. முதல் டிராக்கில் டிரம்மும் பேஸும் ஏற்கெனவே ஒன்றாகக் கலந்திருந்தன. டிராக்கை மிச்சப்படுத்த அன்று எல்லோரும் செய்தது அது. இரண்டாவதில் ரிதம் கிட்டார், மூன்றாவதில் குரல், நான்காவதில் இடையிடையே முன்னணிக் கிட்டாரும் பின்குரலும். ரிதம் கிட்டார் முழுக்க ஷட்ஜமமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்த பவர் கார்டுகள். காந்தாரம் எங்குமே ஒலிப்பதில்லை. பாடகர் அந்த இடைவெளியை அருமையாகப் பயன்படுத்தியிருக்கிறார். பல்லவியில் நடபைரவி ராகத்தின் சுரங்களில் நிற்பவர், சரணத்தில் ரிஷபத்தைத் தாழ்த்தித் தோடியின் பக்கம் சாய்கிறார். காந்தாரத்தை ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைக்கிறார். பாடலை நிறைவாக்கக் கீபோர்டு கார்டுகள் சேர்க்கலாம் என்று நண்பர்கள் சிலர் சொன்னார்கள். கீபோர்டு ஒரு காந்தாரத்தை அழுத்திப் பிடித்த அந்தக் கணமே இந்த அசைவு பிசகாகக் கேட்கத் தொடங்கிவிடும். ஆகவே கீபோர்டு சேர்க்கவில்லை.

முடிவடையாதவை மூன்று. முதலாவது, இரண்டாம் சரணத்துக்கு வரிகள் இல்லை. பாடகர் "தானன தானன தான தந்தா" என்று தத்தகாரத்திலேயே முழுச் சரணத்தையும் பாடிவைத்திருக்கிறார். இரண்டாவது, பதினாறு சுற்றுக்கு விட்டிருந்த கிட்டார் தனிவாசிப்பு. மூன்றாவது, முடிவு, கடைசிப் பல்லவிக்குப் பின் பாட்டு திசை தெரியாமல் நின்றுவிடுகிறது.

மூன்றாவதற்கு விடை நாடாவின் கடைசியில் இருந்தது. வாத்தியங்கள் ஓய்ந்த பிறகும் நான்காவது டிராக் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒலியளவைக் கூட்டினால் அறையில் பேசுவது கேட்கிறது. நாற்காலி இழுபடும் சத்தம், யாரோ தண்ணீர் குடிக்கும் சத்தம், பிறகு பாடகரின் குரல்: "கடைசில பல்லவி ரெண்டு சுத்து போதும்லா. அப்புறம் நாம எல்லாரும் நிப்பாட்டிருவோம், டிரம்ஸ் மட்டும் போவட்டும்." டிரம் வாசித்த அண்ணன் இதைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். முடிவு அப்படியே அமைந்தது.

தனிவாசிப்புக்காக நான்காவது டிராக்கில் ஐந்து சுற்று வாசித்துவிட்டு, "மறுபடி" என்று சொல்லிக் கிட்டார் அண்ணன் நிறுத்தியிருக்கிறார். அந்த ஐந்தும் நன்றாகவே இருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டுப் பதினாறையும் புதிதாக வாசிப்பதாக அவர் முதலில் சொன்னார். நான் வற்புறுத்தி அவற்றை வைத்துக்கொள்ளச் செய்தேன். ஐந்தாம் சுற்றின் இறுதியில் நரம்பை ஒரு முழுச் சுரம் மேலே வளைத்து நிறுத்துகிறார். அந்த வளைவு அடங்கும் இடத்தில் இன்றைய வாசிப்பு தொடங்குகிறது. இணைப்புத் தெரியாமல் இருக்க, அவரிடம் இன்னும் இருக்கும் அதே டிரான்சிஸ்டர் பெருக்கியையே பயன்படுத்தி, ஒரு மைக்கை மட்டும் ஒலிபெருக்கித் துணியின் ஓரமாக வைத்து, பதிவையும் அந்த நான்கு டிராக் கருவியின் வழியாகவே, வேறொரு கேசட்டில் செய்தோம். இன்றைய கை மெதுவானது என்பது கவனித்துக் கேட்டால் தெரியும். குறைந்த சுரங்களில் நிதானமாகப் பேசும் அந்தப் பதினோரு சுற்றுகளைத்தான் நான் அதிகம் விரும்புகிறேன்.

தாள வேகத்தைப் பற்றி ஒரு சொல். மெட்ரோனோம் இல்லாமல் வாசித்திருப்பதால் பாட்டு நிமிடத்துக்கு 126 தட்டில் தொடங்கி, பல்லவிகளில் 131 வரை ஏறி, சரணத்தில் மீண்டும் தணிகிறது. அதை நேர்ப்படுத்தவில்லை. ஒவ்வொரு சுற்றின் முதல் தட்டையும் கணினியில் குறித்து, அந்த வரைபடத்தையே புதிய வாசிப்புக்கு வழிகாட்டியாக ஓடவிட்டேன்.

இரண்டாம் சரணம்தான் எங்களை நெடுநாள் நிறுத்தி வைத்தது. பாடலை எழுதியவரும் பாடகரே. அவருடைய நோட்டில் முதல் சரணம் வரைதான் இருந்தது. தத்தகாரத்தின் அளவுக்குள் யாராவது நான்கு வரி எழுதி, வேறொருவரைப் பாடவைக்கலாம். கணினியைக் கொண்டு மறைந்தவரின் குரலிலேயே அந்த வரிகளை உருவாக்கவும் இன்று முடியும். பின்னதைக் குடும்பத்தாரிடம் நான் ஒரு வாய்ப்பாகக்கூட முன்வைக்கவில்லை. அவர் பாடாத சொற்களை அவர் வாயில் வைக்க எங்களுக்கு உரிமை இல்லை. 2023இல் பீட்டில்ஸ் குழுவினர் மறைந்த தங்கள் உறுப்பினர் ஜான் லெனனின் பழைய கேசட்டிலிருந்து கணினி வழியாக எடுத்தது அவர் உண்மையில் பாடிய குரல். பியானோவிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள், உருவாக்கவில்லை. அந்த எல்லைக்குள் நிற்பதே சரி என்று மூவரும் நினைத்தார்கள்.

முதல் சரணத்தையும் தத்தகாரச் சரணத்தையும் அடுத்தடுத்து ஓட்டிக் கேட்டபோது, பின்னதில்தான் அவர் இன்னும் தாராளமாகப் பாடியிருப்பது புலப்பட்டது. சொல்லின் சுமை இல்லாததால் ரிஷபத்தில் நீண்ட நேரம் நின்று, இறங்கும்போது முதல் சரணத்தில் இல்லாத ஒரு சிறு பிடியைப் போடுகிறார். இதன்மேல் வரி எழுதினால் இது போய்விடும். ஆகவே தத்தகாரம் அப்படியே இருக்கிறது. செய்த ஒரே மாற்றம், அந்த இடத்தில் ரிதம் கிட்டாரைச் சற்றுத் தணித்ததும், பேஸ் அண்ணன் குரலின் போக்கைக் கீழ் ஸ்தாயியில் தொடரும்படி புதிதாக ஒரு வரி வாசித்ததும்தான். நம் செவிக்குத் தத்தகாரம் அந்நியமல்ல. மெட்டுக்கு முன் வருவதைப் பாட்டுக்குள்ளேயே கேட்பதில் யாருக்கும் குறை தோன்றாது என்று நம்புகிறேன்.

முதல் டிராக்கில் கலந்திருந்த பேஸைச் சற்று உயர்த்த வேண்டியிருந்தது. ஒலிகளைப் பிரிக்கும் டெமுக்ஸ் என்ற மென்பொருளால் பேஸை மட்டும் பிரித்து, அதை மூலத்தின் அடியில் மெல்லச் சேர்த்தேன். மூலத்துக்குப் பதிலாக வைக்கவில்லை, ஏனெனில் பிரித்த ஒலியைத் தனியே கேட்டால் சிம்பலின் ஓரங்கள் நீரில் நனைந்தவை போலக் கேட்கின்றன. டிரம் மோனோவாகவே நடுவில் நிற்கிறது. நாடா இரைச்சலைப் பாட்டுக்குள் தொடவில்லை. மற்றக் கலவை வேலைகள் வழக்கமானவை.

உரிமை பற்றிக் கேட்பவர்களுக்கு: மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாடல் வரிக்கும் இசைக்கும் உரிமை படைத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த பின் 50 ஆண்டுகளும் நீடிக்கிறது. நால்வரில் ஒருவர் இல்லையென்றால் அவருடைய வாரிசுகளின் கையெழுத்து இல்லாமல் எதையும் வெளியிடக் கூடாது. நாங்கள் அதை வேலை தொடங்கும் முன்பே வாங்கிவிட்டோம். பின்னால் கேட்கலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

சரிசெய்யாத நான்கு டிராக்குகள், வேகம் திருத்தியவை, புதிய பதிவுகள், வேக வரைபடம், இறுதிக் கலவை ஆகியவற்றைத் தனித்தனிக் கோப்புகளாக இரண்டு வன்தட்டுகளில் பிரதி எடுத்திருக்கிறேன். ஒன்று செந்தூலில் கிட்டார் அண்ணனிடமும் மற்றொன்று பாடகரின் குடும்பத்தாரிடமும் இருக்கின்றன. மூலக் கேசட் என் உலர் பெட்டியில் இருக்கிறது. மைலோ டின்னில் இருந்த மற்றக் கேசட்டுகளில் அடுத்ததாக "பாட்டு 4" என்று எழுதியிருப்பதை எடுக்கப் போகிறோம். அதன் நாடா ஓரிடத்தில் அறுந்திருக்கிறது, ஒட்டும் நாடாவுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.